வயிற்றறையும் நுண்துகள்களும்

கண்டி நகரின் நடுவே அமைந்த வாவி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ரீ விக்கிரமராஜசிங்க மன்னனால் கட்டுவிக்கப்பட்டது. மழை பெய்யுங்கால் சுற்றியுள்ள குன்றுகளினின்று வழிந்துவரும் நீர் வெறும் நீராக வருவதில்லை. மண்ணையும் மணலையும் சுமந்தே வருகின்றது. நீரும் நுண்ணிய வண்டலும் மெத எல வழியாக மகாவலி கங்கையை நோக்கிச் செல்ல, பருமனான மணல் வாவியிலேயே படிந்துவிடுகின்றது. மனிதனது வயிற்றினுள்ளும் இதனையொத்த ஓர் ஏற்பாடு உண்டு.

வயிற்றறையின் உட்சுவரையும், குடல் முதலிய உறுப்புகளின் மேற்புறத்தையும் மிக மெல்லிய சவ்வொன்று போர்த்தியிருக்கின்றது. இதனை மருத்துவர் பெரிட்டோனியம் என்பர். இதன் பரப்பு ஏறத்தாழ உடலின் தோற்பரப்புக்குச் சமமாகும். நீரும் அதிற் கரைந்த உப்புகளும் இச்சவ்வினூடே சென்று இரத்த மயிர்க்குழாய்களை எளிதில் அடைகின்றன. ஆனால் பற்றீரியாக்கள், சிந்திய இரத்தத்தின் செந்நிறக் கலங்கள் போன்ற திண்மத் துகள்கள் அவ்வழியே நுழைய இயலாது. அங்ஙனமாயின் அவை எங்கே செல்கின்றன?

இவ்வினாவுக்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானிய அறிஞர் ரெக்லிங்ஹவுசன். முயலின் பிரிமென்றகட்டின் கீழ்ப்புறத்திலே பாலை இட்டு உருப்பெருக்கியால் நோக்கியபோது, பாலின் கொழுப்புத் துளிகள் சிறு சுழிகளாகச் சுழன்று மறைவதை அவர் கண்டார். 1863ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இக்கண்டுபிடிப்பு, அச்சவ்வில் நுண்ணிய வாயில்கள் உள்ளன என்பதை உணர்த்திற்று. பின்னாளில் இலத்திரன் நுணுக்குக்காட்டியும் இதனை உறுதிசெய்தது. மூச்சு வெளியேறுங்கால் அவ்வாயில்கள் துகள்களை ஏற்கின்றன. மூச்சு உட்செல்லுங்கால் அவை நிணநீர்க் குழாய்களில் மேல்நோக்கித் தள்ளப்படுகின்றன. இவ்வாறு சில நிமிடங்களுள்ளேயே பற்றீரியாக்கள் இரத்தத்தைச் சென்றடையக்கூடும் என்பது விலங்குகளில் நிகழ்த்திய சோதனைகளால் அறியப்பட்டுள்ளது.

வாயிலுள் நுழையாத பெருந்துகள்களின் கதி வேறு. இரைப்பையினின்று குடலின்மேல் திரைபோலத் தொங்கும் ஓமெண்டம் என்னும் கொழுப்பு மடிப்பு அவற்றைப் பற்றிக்கொள்ளும். அங்குள்ள விழுங்கு கலங்கள் அவற்றை உட்கொண்டு செரிக்க முயலும். செரிக்கவொண்ணாத பொருளாயின் அதனைச் சுற்றி முடிச்சுப்போன்ற தழும்பு உண்டாகும்.

இதற்குச் சான்று சத்திரசிகிச்சைக் கையுறையின் வரலாறே. 1876ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கியூ தோட்டத்தினின்று பேராதனைத் தாவரத் தோட்டத்தாரின் பொறுப்பில் இலங்கைக்கு அனுப்பப்பட்ட இறப்பர்க் கன்றுகள், ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அன்று தொடங்கிய ஆசிய இறப்பர்ச் செய்கை, மெல்லிய கையுறைகள் உலகெங்கும் பரவத் துணைநின்றது. அவற்றை எளிதில் அணிவதற்காகத் தடவப்பட்ட டால்க் தூள் வயிற்றறையுள் உதிர்ந்து, குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் காரணமாயிற்று. பின்னர் வந்த மாப்பொருள் தூளும் தீங்கற்றதாக இருக்கவில்லை. 2017ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா தூளிட்ட மருத்துவக் கையுறைகளை முற்றாகத் தடைசெய்தது.

இவ்வுண்மைகள் நோயாளிக்கு எவ்வாறு பயன்படுகின்றன? குடல்வால் அழற்சியுற்றதும் ஓமெண்டம் அதனைச் சூழ்ந்து மூடி, சீழ் பரவாமல் தடுக்க முயலும். அது வெடித்துச் சீழ் மேலே பரவினால், பிரிமென்றகட்டு வாயில்கள் நஞ்சை விரைந்து இரத்தத்திற் சேர்த்துவிடும். இதனைக் கருதியே 1900ஆம் ஆண்டில் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் ஃபவுலர், நோயாளியின் தலைப்புறத்தை உயர்த்திவைத்தால் சீழ் இடுப்பறைக்கு இறங்கும் என எடுத்துரைத்தார். தாதியர் நோயாளியைச் சாய்ந்த நிலையில் அமர்த்தும் முறைக்கு அவர் பெயரே இன்றும் வழங்குகின்றது. எனினும் உயிரைக் காப்பவை காலந்தாழ்த்தாத சத்திரசிகிச்சையும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுமே.

ஆகவே புசல்லாவையிலோ கலஹாவிலோ ஒரு தோட்டத்து வீட்டில், சிறுவனுக்குத் தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி, காய்ச்சலும் வாந்தியும் சேருமாயின், வயிற்றைச் சுத்தஞ்செய்வதாக எண்ணிப் பேதிமருந்து கொடுத்தல் தகாது. அது குடலை முடுக்கிக் குடல்வாலை வெடிக்கச் செய்யக்கூடும். விடியட்டும் என்று காத்திராமல் அண்மையிலுள்ள வைத்தியசாலைக்கு அவனைக் கொண்டுசெல்லல் வேண்டும். வயிற்றறையின் காவல் வலியதே. ஆயினும் அது தரும் அவகாசம் சிறிது.