அனைவருக்குமான கதவு

பொதுக் கட்டடத்தின் வாயிலில் சாய்தளம் அமைத்துவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான ஏற்பாடு நிறைவுற்றது எனப் பலரும் கருதுகின்றனர். ஆனால், சாய்தளத்தில் ஏறிவரும் சக்கர நாற்காலி, கனத்த கதவின் முன் நின்றுவிடுகிறது. ஒரு கையால் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தை உருட்டுவது எளிதன்று. எனவே, பிறர் வந்து திறந்துவிடும்வரை காத்திருக்க நேர்கிறது. அங்கே குறை மனிதரிடம் இல்லை. கதவின் அமைப்பில் உள்ளது.

கதவு, கீல்களை அச்சாகக் கொண்டு சுழல்வது. விசை செயற்படும் இடம் கீலிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ, அவ்வளவுக்குக் குறைந்த விசையே கதவைத் திறக்கப் போதுமானது. கைப்பிடியைக் கீலுக்கு எதிர்விளிம்பில் பொருத்துவதன் காரணம் இதுவே. துருவேறிய கீலும், கதவைத் தானே மூடச்செய்யும் வில்லின் மிகை இறுக்கமும் தேவைப்படும் விசையைக் கூட்டுகின்றன. கீலுக்கு எண்ணெயிடுதல், வில்லின் இறுக்கத்தைத் தளர்த்துதல் ஆகிய செலவு குறைந்த பணிகளே பெரும்பயன் தரும். அமெரிக்க நாட்டின் அணுகல் விதிகள், தீத்தடுப்புக் கதவுகள் நீங்கலாக, உட்புறக் கதவுகளைத் தள்ளித் திறக்க ஏறத்தாழ 22 நியூட்டனுக்கு மேற்பட்ட விசை தேவைப்படலாகாது என வரையறுத்துள்ளன.

கைப்பிடியின் வடிவமும் இன்றியமையாதது. உருண்டைக் குமிழை இறுகப் பற்றித் திருக வேண்டும். மூட்டுவாதத்தால் விரல் மடக்க இயலாதவருக்கு அது பூட்டிய கதவுக்கு ஒப்பாகும். நீண்ட நெம்புகோல் வடிவப் பிடியையோ முழங்கையால் அழுத்தியும் திறக்கலாம். கதவைத் திறந்தபின் கிடைக்கும் வழி குறைந்தது 900 மில்லிமீட்டர் அகலம் இருத்தல் வேண்டும் என இந்திய அரசின் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. கண்ணாடிக் கதவில் பளிச்சிடும் வண்ணப்பட்டை ஒட்டினால், பார்வை குன்றியோர் மோதிக்கொள்வதைத் தவிர்க்கலாம்.

இவை இரக்கத்தால் செய்யப்படும் உதவிகள் அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அணுகல் விதிகளுக்கு உட்படாத கட்டட வரைபடத்திற்கு அனுமதி வழங்கலாகாது என்கிறது. பழைய பொதுக் கட்டடங்களையும் குறித்த காலத்திற்குள் மாற்றியமைக்கப் பணிக்கிறது.

எளிதில் திறக்கும் கதவு முதியோருக்கும், குழந்தையை இடுப்பில் சுமந்து வரும் தாய்க்கும் உதவும். எனினும், அதன் முதன்மைப் பயன் வேறு. நூலகத்திற்கோ வகுப்பறைக்கோ வரும் மாற்றுத்திறனாளி, எவர் துணையையும் எதிர்பாராமல், தாம் விரும்பிய நேரத்தில் தாமே திறந்து உள்ளே செல்கிறார். அந்தத் தற்சார்பே கதவமைப்பின் உண்மையான அளவுகோல்.