தாகம் எடுக்காத மலையில் வறளும் தேகம்

போடிநாயக்கனூரில் வைத்தியம் பார்ப்பவனுக்கு நீர்வறட்சி என்பது சித்திரை, வைகாசி வெயிலோடு வந்து போகிற சங்கடமாகத்தான் தோன்ற வேண்டும். ஆனால் மலையில் மூடுபனியும் சாரலுமாக ஏலக்காய் எடுப்பு மும்முரப்படுகிற மாதங்களிலேயே, உலர்ந்த உதடும் கெண்டைக்கால் பிடிப்பும் நீர்க்கடுப்புமாக ஸ்திரீகள் என் முன் வந்து உட்காருகிறார்கள் என்பதும், அதுவும் மூன்று நாள் கைவைத்தியம் பார்த்துக் களைத்த பிறகே வருகிறார்கள் என்பதும் இதை எழுதத் தூண்டின. அண்மையில் வந்த ஓர் அம்மாளின் இரண்டு கால் பெருவிரல்களிலும் சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது. பகலில் எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று கேட்டேன். “குளிருக்குத் தாகமே எடுக்கல சார். அப்படியே குடிச்சாலும் ஒதுங்க எடம் வேணாமா?” என்றார்.

தாகம் நம்பத்தக்க காவல்காரன் அன்று

விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வளைவுகளில் வாந்தி வரும் என்று அஞ்சி வெறும் வயிற்றோடு பிரயாணம் செய்து, பூப்பாறையிலோ சாந்தன்பாறையிலோ இறங்கி, மழைக்காகப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு செடியின் தூரில் குனிந்தபடியே பகல் முழுவதும் காய் எடுக்கிறவருக்கு, உள்ளே வியர்வை ஊறிக்கொண்டேதான் இருக்கிறது. குளிரோ தாக உணர்ச்சியை மந்தப்படுத்திவிடுகிறது. முதியோருக்கு வயதே அதைச் செய்துவிடுகிறது. ஆகவே தாகம் எடுக்கும்போது குடித்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர், பெரும்பாலும் வறட்சி தொடங்கிய பிறகுதான் டம்ளரைத் தேடுகிறார்.

உடல் காட்டும் அடையாளங்கள்

சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் கவலையில்லை. கடுந்தேநீரின் நிறத்துக்குக் கறுத்து, அளவும் குறைந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. எழுந்து நிற்கும்போது கிறுகிறுப்பு, தலைவலி, நா உலர்தல், தசைப்பிடிப்பு ஆகியவை அடுத்தவை. குழந்தை கண்ணீரில்லாமல் அழுதாலும், ஆறு மணி நேரம் சிறுநீர் கழிக்காதிருந்தாலும், பெரியவர் முன்பின் முரணாகப் பேசினாலும் உடனே புறப்பட்டு வாருங்கள். சிறுநீர், கிரியாட்டினின், உப்புச்சத்துப் பரிசோதனைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கைவைத்தியமும் கடைவைத்தியமும்

சுண்ணாம்பு பூசினால் சூடு இறங்கும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. பூசியவர் அன்று ஓய்ந்திருந்து, நீராகாரமும் மோரும் நிறையக் குடித்ததால் விளைந்த சுகத்தை விரலுக்கு வரவு வைத்துவிட்டோம். இதிலாவது பெரிய தீங்கில்லை. வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்கு உச்சிக்குழி உள்வாங்கியிருப்பதைக் கண்டு, குடலேற்றம் என்று வயிற்றைத் தடவுவதும், தொக்கம் எடுக்க ஊர் ஊராகத் தூக்கிப் போவதும், பால் கொடுத்தால் போக்கு அதிகமாகும் என்று தாய்ப்பாலையே நிறுத்துவதும் உயிரோடு விளையாடுகிற காரியங்கள். அந்தக் குழி நீர் வற்றியதன் அடையாளம். அங்கே தாய்ப்பாலும் உப்புச் சர்க்கரைக் கரைசலும்தான் ஔஷதம்.

கடையில் கேட்டு வாங்குகிற வலிமாத்திரை இன்னும் மோசம். வறண்ட உடலில் அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடுவதால், கால்வலிக்கு விழுங்கிய மாத்திரை சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடும் என்று எத்தனை முறைதான் சொல்வது!

“ஒரு பாட்டில் ஏத்தி விடுங்க” என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு கணக்கு: 5 சதவீத குளுக்கோஸ் பாட்டில் 500 மில்லியில் இருப்பது 25 கிராம் சர்க்கரையே. வாயால் குடிக்க முடிகிறவருக்கு ஊசி எதற்கு? 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர பான்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடாவும் கலந்த நீரை உறவினர்கள் கையாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்ட இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று.

அந்தக் கரைசலின் பொட்டலம் இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு லிட்டருக்குரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில்தான் கரைக்க வேண்டும். ‘கெட்டியாக இருக்கட்டும்’ என்று ஒரே டம்ளரில் கரைத்துக் கொடுப்பது அபாயம். 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பொட்டலம் இல்லையேல் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்குச் சர்க்கரை தலைதட்டிய ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. உறைகளில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகா. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்கள் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற பெயரைத் தாங்கக் கூடாதென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

ஒரு மன்றாட்டு

தாயே, ஜீப்பை விட்டு இறங்கியதும் இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். பிறகு தாகத்தைக் கேளாமல் மணிக்கு இரண்டு டம்ளராவது குடியுங்கள். தூக்குவாளியில் சோற்றோடு உப்புப் போட்ட மோரும் இருக்கட்டும். இருதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவர் விதித்த அளவை மீற வேண்டாம்.

ஆயினும் ஒதுங்க இடமில்லாதவரிடம் குடி, குடி என்று உபதேசிப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஏலத்தோட்ட உரிமையாளர்களே, காய் எடுக்கும் இடத்துக்கு அருகில் கதவுள்ள ஒரு கழிப்பறையும் ஒரு குடம் காய்ச்சிய நீரும் வையுங்கள். என் மருந்துச் சீட்டில் பாதி அதோடு தேவையற்றுப் போகும்.