முதலாளிகள் தேடும் நீதிபதி
களத்துக்கு வெளியே – 17

மேஜர் லீக் பேஸ்பாலின் கமிஷனர் ராப் மான்ஃப்ரெட், 2029 ஜனவரியில் பதவியை விட்டுப் போகிறேன் என்று 2024-லேயே அறிவித்துவிட்டார். கமிஷனர் என்றதும் நமக்குக் காக்கிச் சட்டை நினைவுக்கு வரும். அமெரிக்க பேஸ்பால் ரசிகருக்கும் அந்தச் சொல்லில் கொஞ்சம் காவல், கொஞ்சம் நீதிமன்றம் கலந்தே கேட்கும். இதுவரை 10 பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். 11-ஆவது ஆள் யார் என்ற ஊகம், மான்ஃப்ரெட் வாயைத் திறந்த அன்றே தொடங்கிவிட்டது. அவரைத் தேர்ந்தெடுக்கப்போவது 30 அணிகளின் முதலாளிகள். முக்கால் பங்கு ஆதரவு வேண்டும், அதாவது 23 வாக்குகள். வீரருக்கும் நடுவருக்கும் சீட்டு வாங்கிப் படியில் உட்காரும் ரசிகருக்கும் அதில் வாக்கு கிடையாது. எட்டு முதலாளிகள் கைகோத்துக்கொண்டால் போதும், எவரையும் வாசலிலேயே நிறுத்திவிடலாம். யாரைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த நாற்காலி அவரை வளைத்துவிடும் என்பது என் வாதம். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வேலைகளை அதன் மேல் ஏற்றிவைத்திருக்கிறார்கள். முதலாளிகளின் சார்பில் பேரம் பேசுவது ஒரு வேலை. முதலாளிகள் உட்பட எல்லோரிடமிருந்தும் ஆட்டத்தைக் காப்பது இன்னொரு வேலை. ஆளைத் தேடுவதற்கு முன்னால் இவற்றைப் பிரிக்க வேண்டும்.

இந்த முடிச்சு விழுந்தது 1920-இல். அதற்கு முந்தைய ஆண்டு உலகத் தொடரில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் வீரர்கள் சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு தோற்றார்கள் என்ற செய்தி வெடித்தது. அதுவரை லீக்கை ஆண்டுவந்த மூவர் குழுவில் ஒருவரே ஓர் அணியின் தலைவர், மற்ற இருவரும் மேஜர் லீக்கின் இரு கிளை லீக்குகளின் தலைவர்கள். வேலியே பயிரில் பங்குதாரராக இருந்தது. ஆட்டத்தில் பணம் போட்டிராத ஒருவர் வேண்டும் என்று எல்லோருக்கும் புரிந்தது. சிகாகோவின் கூட்டாட்சி நீதிபதி கென்னசா மவுன்ட்டன் லாண்டிஸிடம் போனார்கள். 1907-இல் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்துக்கு 2 கோடியே 92 லட்சம் டாலர் அபராதம் விதித்துப் பெயர் வாங்கியவர் அவர். மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை என்பது வேறு கதை. முதலாளிகளின் நினைவில் இன்னொன்றும் இருந்திருக்கும். 1915-இல் போட்டி அமைப்பான ஃபெடரல் லீக், இவர்கள்மேல் ஏகபோக வழக்குப் போட்டபோது, கிட்டத்தட்ட ஓர் ஆண்டு தீர்ப்புச் சொல்லாமல் வைத்திருந்து, சமரசம் ஆகும்வரை காத்திருந்த நீதிபதியும் இதே லாண்டிஸ்தான். நடுநிலையாளரைத் தேடிப் போனவர்கள், தங்களுக்கு ஏற்கெனவே ஒருமுறை தோதாக நடந்துகொண்டவரைக் கண்டுபிடித்தார்கள். அவரோ முழு அதிகாரம் கேட்டார். தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போகமாட்டோம் என்று முதலாளிகளிடம் எழுதி வாங்கினார். 1921 ஆகஸ்டில் ஜூரி ஒயிட் சாக்ஸ் வீரர்களை விடுதலை செய்த மறுநாளே எட்டுப் பேருக்கும் வாழ்நாள் தடை போட்டார்.

லாண்டிஸைப் போன்ற ஒருவர் மறுபடி வேண்டும் என்று ஏங்குகிறவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 1944 நவம்பரில் லாண்டிஸ் இறக்கும்வரை 24 ஆண்டுகள் ஆண்டார். அந்த 24 ஆண்டுகளில் ஒரு கறுப்பின வீரர்கூட மேஜர் லீக் அணியில் இடம்பெறவில்லை. எழுதப்பட்ட விதி எதுவும் தடுக்கவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தின் நலனுக்காக எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்ற அதிகாரம் கையில் இருந்தவருக்கு, அந்த நலனில் இது சேரவில்லை. கேள்வி கேட்க ஆளில்லாத காவலர் தன் காலத்தின் பாரபட்சங்களையே சட்டமாக்கிவிடுவார். ஆகவே இன்னும் வலுவான ஒற்றை மனிதர் என்பது தீர்வாகாது.

லாண்டிஸுக்குப் பிறகு முதலாளிகள் பாடம் கற்றுக்கொண்டார்கள், நாம் நினைக்கும் பாடத்தை அல்ல. அடுத்து வந்தவர் கென்டக்கி செனட்டர் ஹாப்பி சாண்ட்லர். 1947-இல் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் களமிறங்கியபோது அதற்குத் துணை நின்றவர். 1950 டிசம்பரில் அவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கேள்வி வந்தது. ஒன்பது பேர் ஆதரவு, ஏழு பேர் எதிர்ப்பு. பன்னிரண்டு வேண்டும் என்பதால் போய்விட்டார். பெரும்பான்மை பெற்றவர் தோற்கும் இந்த விந்தை 1982-இல் இன்னும் தெளிவாக நடந்தது. 1976-இல் ஓக்லண்ட் முதலாளி சார்லி ஃபின்லி மூன்று நட்சத்திர வீரர்களை 35 லட்சம் டாலருக்கு விற்க முயன்றபோது, செல்லாது என்று தடுத்து, நீதிமன்றத்திலும் வென்ற போவி கூன் அப்போது கமிஷனர். 26 அணிகளில் 18 அவர் பக்கம். ஆனால் இரண்டு லீக்குகளிலும் தனித்தனியாக முக்கால் பங்கு வேண்டும் என்பது விதி. நேஷனல் லீக்கில் ஐந்து பேர் மறுத்தார்கள், கதை முடிந்தது. அவர் உள்ளே வந்ததே இப்படியொரு முட்டுக்கட்டையால்தான். 1968 டிசம்பரில் இரண்டு வேட்பாளர்களுக்கு இடையே 19 சுற்று வாக்கெடுத்தும் முடிவு வராமல், பிறகு இடைக்கால ஏற்பாடாக லீக்கின் வழக்கறிஞர் கூனை உட்கார வைத்தார்கள். 1992-இல் ஃபே வின்சென்ட்டின் முறை. முதலாளிகள் வீரர்களை வெளியே வைத்துக் கதவடைத்த 1990 தகராறில் மூக்கை நுழைத்தார், நேஷனல் லீக் பிரிவுகளை மாற்றி அடுக்க உத்தரவிட்டார். 18-க்கு 9 என்று அவநம்பிக்கைத் தீர்மானம் வந்தது. நான்கு நாளில் விலகினார். இவர்கள் மூவரும் அப்பழுக்கற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. சாண்ட்லர் வாயாடி, கூன் பிடிவாதக்காரர். ஆனால் அடுத்து வந்த ஒவ்வொருவருக்கும் செய்தி எட்டியிருக்கும்: சம்பளம் கொடுப்பவரோடு மோதினால் அந்தச் சம்பளம் நீடிக்காது.

வின்சென்ட் போனதும் அந்த நாற்காலியில் ஒரு முதலாளியே உட்கார்ந்தார். மில்வாக்கி ப்ரூவர்ஸ் உரிமையாளர் பட் செலிக் ஆறு ஆண்டுகள் தற்காலிகப் பொறுப்பில் இருந்து, 1998-இல் நிரந்தரமானார். இங்கேதான் என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான மறுப்பு வருகிறது. செலிக் பொறுப்பேற்றபோது லீக்கின் ஆண்டு வருமானம் சுமார் 120 கோடி டாலர், அவர் விடைபெறும்போது சுமார் 900 கோடி. 1995-க்குப் பிறகு 26 ஆண்டுகள் வேலைநிறுத்தமோ கதவடைப்போ இல்லை. நீதிபதி வேடமெல்லாம் பழங்கதை, கமிஷனர் என்பவர் ஒரு பெரிய நிறுவனத்தின் தலைமை நிர்வாகி, நிர்வாகியைப் பங்குதாரர்கள்தானே நியமிப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிர்வாகி என்ற அளவில் செலிக் கெட்டிக்காரர் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 26 ஆண்டு அமைதிக்கு முந்தைய ஆண்டைப் பாருங்கள். 1994 ஆகஸ்டில் வீரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். செப்டம்பரில் உலகத் தொடரே ரத்து. 1904-க்குப் பிறகு, இரண்டு உலகப் போர்களால்கூட நிற்காத தொடர் அது. அந்த நாள்களில் இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைக்க லீக்குக்குள் நடுவில் ஒருவரும் இல்லை. நடுவில் இருக்க வேண்டியவர் ஒரு தரப்பின் தலைவராக இருந்தார். 1995 மார்ச் இறுதியில் முதலாளிகளுக்கு எதிராகத் தடையாணை பிறப்பித்து முடிச்சை அவிழ்த்தவர் நியூயார்க் கூட்டாட்சி நீதிபதி சோனியா சோட்டோமயோர். பிற்பாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போன அதே சோட்டோமயோர். நீதிபதி வேலையை ஒழித்துவிட்டால் அது மறைந்துபோவதில்லை, வெளியிலிருந்து ஒருவர் வந்து செய்ய வேண்டியிருக்கிறது.

அமைதியின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1998-இல் மார்க் மெக்வயர் 70 ஹோம் ரன்களும் சாமி சோசா 66 ஹோம் ரன்களும் அடித்தபோது காலியான இருக்கைகள் நிரம்பின. அந்த அடிகளுக்குப் பின்னால் ஊக்கமருந்து இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையோ 2003-இல்தான் வந்தது. யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்று 2007 டிசம்பரில் முன்னாள் செனட்டர் மிட்சலின் அறிக்கை வரும்வரை லீக் பொதுவெளியில் கணக்குப் பார்க்கவில்லை. இதில் வீரர் சங்கத்துக்கும் பங்குண்டு, சோதனையை நெடுங்காலம் எதிர்த்தவர்கள் அவர்கள். ஆனால் கூட்டம் திரும்பி வருவதில் லாபம் உள்ள ஒருவரிடம், அந்தக் கூட்டம் எதனால் வருகிறது என்று சோதிக்கும் பொறுப்பையும் கொடுத்திருந்தோம் என்பதையும் மறக்கக் கூடாது.

மான்ஃப்ரெட்டின் கதையும் இதே தடத்தில்தான். முதலாளிகளின் தொழிலாளர் வழக்கறிஞராக இருந்து மேலே வந்தவர். 2014 ஆகஸ்டில் பால்டிமோர் நகரில் நடந்த தேர்வில் முதல் சுற்றில் ஒரு வாக்குக் குறைந்தது. பாஸ்டன் அணியின் டாம் வெர்னரை ஒரு சிறுபான்மை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. பல சுற்றுக்குப் பின் 23 எட்டியதும், ஊருக்குக் காட்ட ஒருமனதான தேர்வு என்று அறிவித்தார்கள். மான்ஃப்ரெட் நல்லதும் செய்திருக்கிறார். 2023-இல் வந்த பந்துவீச்சுக் கடிகாரம் மூன்று மணி நேரத்தைத் தாண்டி இழுத்த ஆட்டத்தை இரண்டே முக்கால் மணிக்குள் கொண்டுவந்தது. ஆனால் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் விவகாரத்தில் நாற்காலியின் குறை வெளிப்பட்டுவிட்டது. எதிரணி கேட்சரின் சைகைகளைக் கேமராவில் திருடி, குப்பைத்தொட்டியைத் தட்டி மட்டையாளருக்குச் சொன்ன அணி அது. அப்படித் தட்டிய 2017-இல் பட்டமும் வென்றது. 2020 ஜனவரியில் மேலாளருக்கும் பொது மேலாளருக்கும் ஓராண்டுத் தடை. அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதம். அதற்கு மேல் விதிக்க லீக்கின் சாசனத்தில் இடமில்லை, சாசனத்தை எழுதியவர்கள் முதலாளிகள். குப்பைத்தொட்டியைத் தட்டிய வீரர்களுக்கோ ஒரு நாள் தடைகூட இல்லை. உண்மையைச் சொன்னால் தண்டனை இல்லை என்று சங்கத்தோடு முதலிலேயே ஒப்பந்தம் செய்துகொண்டுதான் விசாரணையே நடந்தது. அடுத்த ஆண்டு கூட்டுப் பேரத்துக்கு அதே சங்கத்தின் எதிரில் உட்கார வேண்டியவர், இந்த ஆண்டு அதன் உறுப்பினர்களுக்குத் தீர்ப்புச் சொல்கிறார். தண்டித்தாலும் மன்னித்தாலும் அதைப் பேரத்தின் ஓர் அசைவாகத்தான் ஊர் பார்க்கும்.

இப்போது சூதாட்டம் திரும்பியிருக்கிறது. 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கலாம் என்று வழிவிட்ட சில மாதங்களிலேயே லீக் ஒரு சூதாட்ட விடுதி நிறுவனத்தோடு அதிகாரப்பூர்வக் கூட்டாளி ஒப்பந்தம் போட்டது. 2024 ஜூனில் பேஸ்பால் ஆட்டங்கள்மேல் பந்தயம் கட்டியதற்காக டுகுபிடா மார்கானோ என்ற வீரருக்கு அதே லீக் வாழ்நாள் தடை விதித்தது. இரண்டிலும் கையெழுத்து ஒரே அலுவலகத்துடையது. 1920-இல் அந்த அலுவலகம் எதைத் தடுக்கப் பிறந்ததோ, அதிலிருந்தே இன்று அதற்கு வருமானம் வருகிறது. இதை நான் ஒழுக்கப் பிரசங்கமாகச் சொல்லவில்லை, பந்தயம் சட்டபூர்வமான தொழில். பந்தய நிறுவனத்திடம் பணம் வாங்கும் மேசையும் பந்தயக் குற்றத்தை விசாரிக்கும் மேசையும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதுதான் விஷயம்.

அப்படியானால் வெளியிலிருந்து ஒரு பெரிய மனிதரைக் கொண்டுவாருங்கள் என்பார்கள். 1965-இல் வில்லியம் எக்கர்ட் என்ற ஓய்வுபெற்ற விமானப்படை ஜெனரலைக் கொண்டுவந்தார்கள், மூன்றே ஆண்டில் அனுப்பிவிட்டார்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கை லாபத்தில் நடத்திக்காட்டிய பீட்டர் யூபராத் வந்தார். அவர் காலத்தில்தான் சந்தைக்கு வந்த வீரர்களை யாரும் விலை கேட்பதில்லை என்று முதலாளிகள் தங்களுக்குள் கூடிப் பேசிக்கொண்டார்கள். அந்தக் குற்றத்துக்கு 1990-இல் 28 கோடி டாலர் கொடுத்துத் தீர்க்க வேண்டிவந்தது. ஜப்பானின் தொழில்முறை பேஸ்பாலில் இந்த வழக்கம் இன்னும் அழுத்தமாக உண்டு, வழக்கறிஞர்களையும் தூதர்களையும் கமிஷனராக உட்கார வைப்பார்கள். அமெரிக்காவுக்கான முன்னாள் ஜப்பானியத் தூதர் ரியோஸோ காடோ அப்படி வந்தவர். 2013-இல் ஆட்டப்பந்தின் துள்ளலை யாரிடமும் சொல்லாமல் அமைப்பே மாற்றிவிட்டது தெரியவந்தபோது, எனக்குத் தெரியாது என்றார். அந்தப் பந்தின் மேல் அச்சாகியிருந்தது அவர் கையெழுத்து. அந்த ஆண்டிலேயே விலக நேர்ந்தது.

மாற்று வழிக்கு வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை, பேஸ்பாலுக்குள்ளேயே அரைகுறையாக அது இருக்கிறது. 1970 முதல் ஒப்பந்தத் தகராறுகளை முதலாளிகளும் சங்கமும் சேர்ந்து நியமிக்கும் நடுவர் தீர்க்கிறார். யூபராத் காலத்துக் கூட்டுச்சதியைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் அப்படிப்பட்ட நடுவர்களே. இதே முறையில் ஒழுங்கு நடவடிக்கை, சூதாட்டம், ஊக்கமருந்து மூன்றையும் கமிஷனரிடமிருந்து எடுத்து, இரு தரப்பும் ஒப்பும் ஒருவரிடம் கொடுக்கலாம். கமிஷனர் முதலாளிகளின் ஆள் என்று வெளிப்படையாகவே இருக்கட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சங்கம் தன் ஆட்களைக் காப்பாற்றப் பார்க்காதா என்றால், பார்க்கும். அதற்காகத்தான் மறுபக்கம் முதலாளிகள் இருக்கிறார்கள். உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர், வீரர்களை ஆயுளுக்கும் ஓர் அணியோடு கட்டிவைத்த விதியை உடைத்தார். கையோடு முதலாளிகள் அவரை நீக்கினார்கள். 2012-இல் ரயன் பிரானின் மருந்துத் தடையை ரத்து செய்த நடுவர் ஷியாம் தாஸுக்கும் சில மாதங்களில் அதே கதி. எந்தத் தரப்பும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம் என்றிருக்கும் நடுவர், அரைக் கமிஷனர்தான். ஆகவே ஏழோ எட்டோ ஆண்டுகள், நடுவில் நீக்க முடியாது, மறுபடி நியமிக்கவும் முடியாது என்று எழுத வேண்டும். நீட்டிப்புக்காக ஏங்க வேண்டியிராதவர் எவருக்கும் கடன்பட்டவர் ஆகமாட்டார். நீக்க முடியாதவர் லாண்டிஸ் ஆகிவிடுவாரே என்றால், லாண்டிஸுக்கு நீட்டிக்க முடியாத முடிவுத் தேதி இல்லை, தீர்ப்பை மறுபரிசீலிக்க நீதிமன்றமும் இல்லை. இவருக்கு இரண்டும் இருக்கும்.

முதலாளிகள் தாமாக இதைக் கொடுக்கமாட்டார்கள். 2014-இல் வாரிசைத் தேடிய ஏழு பேர் குழுவில் ஏழு பேரும் அணிகளின் தரப்பினரே, அடுத்த குழுவும் அப்படித்தான் இருக்கும். ஆனால் இன்னொருவர் சம்மதத்தை அவர்கள் கேட்டே ஆக வேண்டிய ஒரு மேசை இருக்கிறது. வீரர்களுடனான இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது, மான்ஃப்ரெட் போவது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. சம்பள உச்சவரம்புதான் அந்த மேசையின் பெரிய சண்டை என்று இரு தரப்பும் கச்சை கட்டுகின்றன. உச்சவரம்பை எதிர்க்கும் சங்கம், விட்டுக்கொடுக்கும் சின்னச் சின்ன விஷயங்களுக்கு ஈடாக எதைக் கேட்கப்போகிறது என்ற பட்டியலில் ஒழுங்கு நடுவர் என்ற வரி ஒன்று ஏறினால், 11-ஆவது கமிஷனர் வரும்போது அவருக்காகக் காத்திருக்கும் நாற்காலி வேறாக இருக்கும்.