படம் கடந்த எல்லையும் பெயர் நிற்கும் இடமும்

1895 டிசம்பர் இறுதியில் வூர்ட்ஸ்புர்க் நகரத்துப் பேராசிரியர் றொன்ட்ஜன், தாம் கண்ட புதிய கதிர்களைப் பற்றித் தனியொருவராக எழுதிச் சமர்ப்பித்த ஜெர்மன் கட்டுரை, ஒரு மாதம் கழியுமுன்பே ஆங்கிலமாகி லண்டன் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியாயிற்று. இவ்வாறு பிறந்தவுடனேயே எல்லை கடந்த கதிர்ப்பட விஞ்ஞானத்தை எழுதும் உரிமை மட்டும் வெகுகாலம் ஐரோப்பிய, அமெரிக்கக் கலாசாலைகளையே சுற்றி நின்றது. கொழும்பில் 1887 இலேயே பிரித்தானிய மருத்துவ சங்கத்தின் கிளை தோன்றியிருந்தபோதிலும், மேல்நாட்டுக் கதிரியல் சஞ்சிகைகளுக்கு எம்மவர் பெரும்பாலும் வாசகராகவே இருந்தனர்.

இன்றோ 'ரேடியாலஜி' போன்ற அமெரிக்கச் சஞ்சிகைகளில் ஜப்பானியரும் கொரியரும் சீனரும் தாராளமாக எழுதுகின்றனர். எழுத்தைப் போலவே படமும் எல்லை கடக்கலாயிற்று. முன்பு ஒரு கம்பெனியின் இயந்திரம் எடுத்த படத்தை மற்றொரு கம்பெனியின் இயந்திரம் வாசிக்க மறுத்தது. படப் பரிமாற்றத்துக்காக 1985 இல் அமெரிக்காவில் வெளியான பொது நியமம் 1993 இல் 'டைகொம்' என்னும் உருப்பெற்ற பின்னர், கொட்டாஞ்சேனை நோயாளியின் ஸ்கான் படத்தை, அதன் அளவும் சாம்பல்நிறப் பேதங்களும் சற்றும் குன்றாமல், மெல்பேணிலிருக்கும் வைத்தியர் தம் திரையில் வைத்து அளப்பது சாத்தியமாயிற்று. கொரோனா பரவத் தொடங்கிய 2020 பெப்ரவரியிலேயே, சீன நோயாளரின் நெஞ்சு ஸ்கான்களை நியூயோர்க் வைத்தியர்களும் சீனரும் சேர்ந்து ஆராய்ந்து கட்டுரை வெளியிட முடிந்ததற்கும் இந்நியமம் துணையாயிற்று.

படம் எளிதாகக் கடந்த எல்லையைப் பெயர் அவ்வளவு எளிதாகக் கடப்பதில்லை. பட்டப்பின் படிப்புக்காகப் பிரித்தானியாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ செல்லும் வெள்ளவத்தை வைத்தியர் ஒருவர், சுப்பிரமணியத்தின் மகன் கணேசன் என்று வைத்துக்கொள்வோம். கொழும்பில் எழுதும்போது எஸ். கணேசனாகவும், அங்கே தந்தை பெயரே குடும்பப் பெயராகிவிடுவதால் ஜி. சுப்பிரமணியமாகவும் அவர் அச்சேறுவார். சஞ்சிகை அட்டவணைகளோ அவரை இருவராகக் கணக்கிட்டு, ஒருவரின் உழைப்பை இரு கூறாக்கிவிடும். ஆராய்ச்சியாளருக்கு 16 இலக்க அடையாளம் வழங்கும் 'ஓர்சிட்' முறை 2012 முதல் இக்குழப்பத்தைத் தீர்க்க உதவுகிறது.

இலக்கத்தால் தீராதது, பெயர் நிற்கும் ஸ்தானம். மருத்துவக் கட்டுரையில் முதற்பெயர் பெரும்பாலும் முன்னின்று உழைத்தவருடையது, இறுதிப்பெயர் வழிநடத்தியவருடையது. 1978 இல் வான்கூவரில் கூடிய சஞ்சிகை ஆசிரியர்களிடமிருந்து வளர்ந்த சர்வதேசக் குழு, தரவைத் திரட்டிக் கொடுத்தமை மாத்திரம் ஒருவரை ஆசிரியராக்காது என்று விதிக்கிறது. விதி நியாயமானதே, ஆயினும் கேள்வியை ஒரு தேசமும் நோயாளரின் படத்தை மற்றொரு தேசமும் தருமாயின், அவ்விதியே படம் தந்தவரை வாசலில் நிறுத்திவிடவும் கூடும்.

ஆகையால், கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் எத்தனை தேசங்கள் என்று எண்ணி மகிழ்வதினும், அதன் கேள்வி எங்கே பிறந்தது என்று விசாரிப்பதே தக்கது. டெங்குக் காய்ச்சலில் நெஞ்சறையிலும் வயிற்றிலும் கசியும் நீரை அல்ட்ராசவுண்ட் மூலம் எவ்வளவு முன்னதாகக் கண்டுகொள்ளலாம் என்பது, மழைக்காலந்தோறும் கொழும்பு வைத்தியரை எதிர்கொள்ளும் கேள்வி. அத்தகைய கேள்விகளை அவர்களே எழுப்பி, ஆராய்ச்சியை அவர்களே திட்டமிட்டு, பிற தேசத்தாரைத் துணைக்கு அழைப்பார்களாயின், முதற்பெயரும் இறுதிப்பெயரும் எவருடையவை என்ற வழக்கே எழாது.