அன்னாசித் தோலும் மாட்டுக்குத் தீனியே

இடம்பெயர்ந்து வந்த இடத்தில் எம்மில் பலருக்கு மேய்ச்சல் தரை இல்லை. வரட்சி தொடங்கியதும் இறைச்சிக்காக வளர்க்கும் நாம்பன்கள் மெலிகின்றன. மெலிந்த மாட்டுக்கு நல்ல விலையும் கிடைப்பதில்லை. அதேவேளை பழச்சாறும் ஜாமும் செய்யும் இடங்களில் அன்னாசித் தோல் குப்பையாகக் குவிகிறது. அதை நாம் தீனியாக்கலாம்.

ஈரத் தோலில் ஏறத்தாழ 85 வீதம் தண்ணீர். எஞ்சியதில் சீனி அதிகம், புரதம் குறைவு. தோலை மட்டும் நிறையக் கொடுத்தால் மாட்டின் வயிறு புளித்துக் கழிச்சல் ஏற்படும். அசைபோட நீளமான நார் வேண்டும். அதை வைக்கலே தரும். ஆகவே தோலை வைக்கலுடன் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

தோல் ஓரிரு நாளில் பழுதாகிவிடும். அதனால் இப்படிப் பதப்படுத்துவோம்:

1. நறுக்கிய தோல் 100 கிலோவுடன், நான்கு விரல் நீளத்துக்கு வெட்டிய வைக்கல் 25 கிலோவைக் கலக்கவும்.

2. பீப்பாயில் அல்லது தடித்த பொலித்தீன் பையில் இட்டு, நன்றாக மிதித்து இறுக்கவும்.

3. காற்றுப் புகாமல் மூடி, மூன்று வாரம் நிழலில் வைக்கவும்.

திறக்கும்போது இதமான புளிப்பு வாசனை வரவேண்டும். பூஞ்சணம் பிடித்ததைக் கொடுக்கக் கூடாது. சிறிதளவில் தொடங்கி, இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டவும். புரதத்துக்குக் கிளிசிறிடியா இலையும் தேங்காய்ப் புண்ணாக்கும் சேர்க்கவும்.

தூரத்திலிருந்து ஏற்றினால் தண்ணீருக்கே கூலி கொடுக்கிறோம். கிட்டிய இடத்தைத் தேடி, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுவோம்.