தறிக்குழி ஓரத்தில் ஒரு ஃபெர்ன்

ஆரணி வெயில்ல ஒரு ஃபெர்ன் செடியை உயிரோட வச்சிருக்க முடியுமா? முடியும். ஆனா முதல் செடியைக் கொன்ன பிறகுதான் எனக்கு அது தெரிஞ்சது. நீங்களாவது உங்க செடியைக் காப்பாத்திக்கணும்னுதான் இதை எழுதுறேன்.

போன வருஷம் பிப்ரவரியில ஒரு நர்சரியில 150 ரூபாய் கொடுத்து பாஸ்டன் ஃபெர்ன் ஒண்ணு வாங்கினேன். தமிழ்ல பெரணின்னு சொல்ற குடும்பம். வீட்டு மாடி ரூம்ல ஜன்னல் ஓரமா வச்சு தினமும் தண்ணி ஊத்தினேன். ஏப்ரல் பாதியில இலை நுனி எல்லாம் பழுப்பாகி, தொட்டா அப்பளம் மாதிரி நொறுங்க ஆரம்பிச்சது. இத்தனைக்கும் தொட்டி மண் ஈரமாத்தான் இருந்தது. தண்ணி இருந்தும் செடி ஏன் காயுது?

அதுக்கு என்ன வேணும்?

இந்தச் செடியோட பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலப் பகுதி. ஈரமான காடும் சதுப்பு நிலமும்தான் அதுக்குச் சொந்த ஊர். 1894-ல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து பாஸ்டனுக்குப் போன செடிகளுக்கு நடுவுல, இலை வளைஞ்சு தொங்குற ஒரு வகை கண்ணில் பட்டது. பாஸ்டன் ஃபெர்ன்னு பேர் வந்தது அப்படித்தான்.

பகல்ல 18-லிருந்து 24 டிகிரி செல்சியஸ், ராத்திரி அதைவிடக் கொஞ்சம் குறைவு. இதுதான் அதுக்குச் சுகமான வெப்பநிலை. 10 டிகிரிக்குக் கீழ போனா ஆபத்து. நம்ம ஊர்ல அந்தக் கவலை இல்லை. காற்றின் ஈரப்பதம் குறைஞ்சது 50 சதவீதம், 60-க்கு மேல இருந்தா சந்தோஷம். 30 டிகிரியைத் தாண்டினாலும் சமாளிக்கும், ஆனா காற்றுல ஈரம் இருக்கணும்.

சதவீதத்தை நம்பி ஏமாறாதீங்க

இங்கதான் நம்ம தெர்மோடைனமிக்ஸ் பாடம் உதவிக்கு வருது. ஈரப்பதம் 80 சதவீதம்னா, அந்த வெப்பநிலையில காற்று தாங்கக்கூடிய நீராவியில 80 சதவீதம் இருக்குன்னு அர்த்தம். வெப்பம் ஏறினா காற்று தாங்குற அளவும் ஏறும். 25 டிகிரியில ஒரு கன மீட்டர் காற்று சுமார் 23 கிராம் நீராவி தாங்கும். 38 டிகிரியில சுமார் 46 கிராம்.

காலையில 25 டிகிரி, 80 சதவீதம்னு வச்சுக்குங்க. காற்றுல இருக்கிறது 18 கிராம் சொச்சம். மதியம் 38 டிகிரி ஆகுது. ஒரு துளி நீராவிகூட வெளியே போகலை. ஆனா ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு இறங்கிடும். தண்ணி அதேதான், காற்றோட தாகம்தான் கூடிடுச்சு.

இந்தத் தாகத்துக்கு ஆவியழுத்தப் பற்றாக்குறைன்னு பேர். செடிக்கு முக்கியம் இந்த நம்பர்தான். 24 டிகிரியில 50 சதவீதம்னா பற்றாக்குறை சுமார் 1.5 கிலோபாஸ்கல். 38 டிகிரியில அதே 50 சதவீதம்னா 3.3. அதாவது ரெண்டு மடங்குக்கும் மேல. வேர் உறிஞ்சுறதைவிட வேகமா காற்று இலையிலிருந்து உருவுது. நுனிக்குத் தண்ணி போய்ச் சேரும் முன்னாடியே அது கருகிடுது. என் முதல் செடி இப்படித்தான் போச்சு.

தாத்தாவுக்கு முன்னாடியே தெரியும்

ரெண்டாவது செடியை வாங்கிட்டு வந்தப்போ தாத்தா பார்த்தார். "மாடியில வைக்காதடா, தறி ரூம்ல வை"ன்னார். எங்க வீட்டுல குழித்தறி. மண் தரையில குழி வெட்டி, அதுக்குள்ள காலை விட்டு உட்கார்ந்து பட்டுச்சேலை நெய்வார். வெயில் காலத்துல தரையில தண்ணி தெளிச்சு வைப்பார். காற்று காஞ்சா பாவு இழை அறுந்துகிட்டே இருக்கும், அதுக்காக.

பட்டு காற்றுல இருந்து ஈரத்தை வாங்கும். பட்டு வியாபாரத்துல காய்ஞ்ச எடைக்கு மேல 11 சதவீதம் ஈரத்தைக் கணக்குல சேர்த்துக்குவாங்க. அந்த ஈரம் போயிட்டா இழை மொறமொறன்னு ஆயிடும். ஆக, பட்டும் ஃபெர்ன்னும் கேக்குறது ஒரே காற்றைத்தான்.

மே மாசம் ஒரு மதியம் டிஎச்டி22 சென்சாரை ரெண்டு இடத்துலயும் வச்சுப் பார்த்தேன். மாடி ரூம்ல 39 டிகிரி, 33 சதவீதம். தறி ரூம்ல 33 டிகிரி, 58 சதவீதம். பற்றாக்குறையைக் கணக்குப் போட்டா மாடியில 4.7, கீழே 2.1. பாதிக்கும் கம்மி. மண் தரையிலிருந்து ஆவியாகும் தண்ணி காற்றுக்கு ஈரமும் கொடுக்குது, வெப்பத்தையும் எடுத்துக்குது. மண்பானைத் தண்ணி ஜில்லுன்னு இருக்கிற அதே கணக்கு.

நான் செஞ்ச தப்பு

அதோட விட்டிருக்கணும். இலைக்கு ஸ்ப்ரே அடிச்சா இன்னும் நல்லதுன்னு எங்கேயோ படிச்சு, தினமும் அடிச்சேன். ஒருநாள் சாரல் தறியில இருந்த சேலை மேல விழுந்தது. சாயம் கலங்கி கறை ஆயிடுச்சு. அந்தச் சேலைக்குக் கூலியில பிடிச்சுக்கிட்டாங்க. தாத்தா என்னை ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் இன்னும் உறுத்துது.

இதுல பெரிய கொடுமை, ஸ்ப்ரேயால செடிக்கும் பெரிய லாபம் இல்லை. தெளிச்ச தண்ணி கொஞ்ச நேரத்துல காஞ்சிடும், ஈரப்பதம் பழைய இடத்துக்கே வந்துடும். ஈரம் நாள் முழுக்க மெதுவா வரணும். தறி ரூம் தரை அதைத்தான் செய்யுது.

நீங்க செய்ய வேண்டியது

வீட்டுல மண் தரை இல்லையா? செடித் தொட்டியைப் பெரிய மண்தொட்டிக்குள்ள வச்சு, இடைவெளியில மணல் நிரப்பி, மணலை ஈரமா வச்சுக்குங்க. நாலு செடி இருந்தா ஒண்ணா சேர்த்து வைங்க, ஒண்ணு விடுற நீராவி இன்னொண்ணுக்கு உதவும். நேர் வெயில் வேண்டாம், வெளிச்சம் மட்டும் போதும். ஏசி காற்று நேரா படுற இடமும் வேண்டாம். ஏசிக்குள்ள குளிர்ந்த குழாய் மேல நீராவி தண்ணியா மாறி வெளியே போயிடுது, மிச்சம் வர்ற காற்று இலையைக் காயவைக்கும். மண் ஈரமா இருக்கட்டும், ஆனா தண்ணி தேங்கக் கூடாது. தேங்கினா வேர் அழுகிடும்.

எங்க தெருவுல பல வீட்டுத் தறி ரூம் இப்போ டைல்ஸ் தரை ஆயிடுச்சு. எங்க வீட்டுலயும் அந்தப் பேச்சு வந்தது. தாத்தா, "நான் நெய்யற வரைக்கும் மண்ணு இருக்கட்டும்"னுட்டார். என் ஃபெர்ன் இப்போ ஜன்னல் பக்கம், தறியிலிருந்து நாலடி தள்ளி இருக்கு. போன வாரம் சுருண்ட தளிர் மூணு விட்டிருக்கு. ஸ்ப்ரே பாட்டிலைத் தூக்கிப் போட்டுட்டேன்.