மாண்டவள் மீண்டாள்

பெண்ணொருத்தியின் உள்ளத்தில் மாண்டுபோன சகோதரி குடியேறினால் என்ன நேரும்? பிரையன் டி பால்மா என்னும் அமெரிக்க டைரக்டர் 1972-ல் எடுத்த ‘சிஸ்டர்ஸ்’ படத்தின் கதை இதுதான். சோவியத் ருஷியாவில் ஒட்டிப் பிறந்த மாஷா, தாஷா சகோதரிகளின் படத்தை ‘லைஃப்’ பத்திரிகையில் அவர் கண்டதே இதற்கு வித்து.

டானியெல், டோமினிக் இருவரும் ஒட்டிப் பிறந்தவர்கள். பிரிப்பதற்காகச் செய்த ரணசிகிச்சையில் டோமினிக் மாண்டாள். சகோதரியைப் பலிகொடுத்துப் பிழைத்தோமென்ற வேதனையில் டானியெல் சில வேளைகளில் அவளாகவே மாறிக் கத்தியை எடுக்கிறாள். மார்கட் கிட்டர் இருவராகவும் நடித்திருக்கிறார்.

எதிர்வீட்டு நிருபர் கிரேஸ் ஜன்னல் வழியே கொலையைக் காண்கிறாள். இங்கே திரை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதியில் அவள் போலீஸாரை நம்பவைக்கப் படாதபாடு படுகிறாள். மறு பாதியில் இரத்தக்கறை துடைக்கப்படுகிறது. பிணம் சோபாவுக்குள் மறைகிறது. பெர்னார்ட் ஹெர்மனின் சங்கீதமோ நெஞ்சைப் பதைக்கச் செய்கிறது.

முடிவுதான் நம்மை உலுக்கிற்று. ஹிப்னாடிஸத்தால் மதி மயங்கிய கிரேஸ், போலீஸார் தாமே வந்து கேட்கையில், கொலையே நடக்கவில்லையென்று சாதிக்கிறாள். சாட்சி உயிரோடிருக்கச் சாட்சியம் மாண்டுபோகிறது. அன்றிரவு வெகுநேரம் நமக்கு உறக்கம் வரவில்லை. குழந்தைகளை வீட்டில் விட்டுப் பெரியவர்கள் மட்டும் காண்பது நலம்.